யாருடைய இரத்தம்?

1966 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில் தீர்ப்பளித்தது. காவலில் இருப்பவரை விசாரிக்கும் முன், பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்பதைப் போலீசே அவரிடம் சொல்லியாக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஏழு நாள் கழித்து, ஜூன் 20 அன்று, அதே நீதிமன்றம் ஷ்மெர்பர் வழக்கில் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகிக்கப்படுபவர் மறுத்தாலும், போலீஸ் கேட்டால் மருத்துவர் அவர் உடலிலிருந்து இரத்தம் எடுக்கலாம் என்றது அது. இரண்டுமே ஐந்துக்கு நான்கு என்று முடிந்தவை. முதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக நின்ற ஐவரில் வாரன், பிளாக், டக்ளஸ், ஃபோர்ட்டாஸ் ஆகிய நால்வரும் இரண்டாவதிலும் அங்கேயே நின்றார்கள். அரசின் பக்கம் நின்ற நால்வரும் நகரவில்லை. இடம் மாறியவர் பிரென்னன் ஒருவரே. ஷ்மெர்பர் தீர்ப்பை எழுதியவரும் அவரே. ஒருவரின் வாயைத் திறக்க வற்புறுத்தக் கூடாது, ஆனால் அவருடைய நரம்பைத் திறக்கலாம் என்று ஒரே வாரத்தில் ஒரே நீதிபதி முடிவுக்கு வந்தார் என்றால், அதைத் தடுமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. மனிதனின் உடல்மீது அரசுக்கு எதுவரை உரிமை உண்டு என்ற கேள்வி அங்கே கிடக்கிறது. அது சட்டப் புத்தகங்களைவிட மிகப் பழையது.

லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 1964-இல் நள்ளிரவை ஒட்டி ஒரு கார் சறுக்கி மரத்தில் மோதியது. ஓட்டியவர் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். அங்கேயே கைதானார். வழக்கறிஞர் சொன்ன யோசனைப்படி, இரத்தம் கொடுக்க மாட்டேன் என்றார். போலீஸ் கேட்டுக்கொண்டபடி மருத்துவர் எடுத்தார். அதில் இருந்த ஆல்கஹாலின் அளவே அவருக்கு எதிரான சாட்சியமானது. பிரென்னனின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்ற அரசமைப்புப் பாதுகாப்பு, ஒருவரின் மனத்திலிருந்து வரும் பேச்சையும் அதற்கு நிகரான வெளிப்பாட்டையும்தான் காக்கிறது. இரத்தம் பேசுவதில்லை, அது பொருள் சார்ந்த சான்று, என்பது ஒன்று. உடலுக்குள் புகுவதற்குச் சாதாரணமாக ஒரு மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும். ஆனால் இரத்தத்தில் ஆல்கஹால் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போவதால் இங்கே காத்திருக்க நேரமில்லை, என்பது மற்றொன்று. அமெரிக்காவுக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1961-இல், நம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு காத்தி காலு ஓகத் வழக்கில் ஏறக்குறைய இதே பிரிவினையைச் செய்திருந்தது: கைரேகையும் கையெழுத்தும் கொடுப்பது, அரசமைப்பின் 20(3) பிரிவு தடுக்கும் ‘சாட்சியாக நிற்றல்’ ஆகாது என்று.

ஷ்மெர்பர் தீர்ப்பின் கடைசிப் பகுதியில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. அச்சத்தாலோ, உடல்நலக் கவலையாலோ, மதரீதியான மனத்தடையாலோ ஊசிக்குப் பதில் மூச்சுப் பரிசோதனை போன்ற வேறு வழியை விரும்பும் சிலர் இருக்கலாம். இந்த மனிதர் அந்தச் சிலரில் ஒருவர் அல்ல. அப்படிப்பட்டவர்களின் விருப்பத்தை மதித்தாக வேண்டுமா என்பதை இப்போது முடிவு செய்யத் தேவையில்லை, என்கிறது அது. தீர்ப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் இடமாக எனக்குத் தோன்றுவது இதுதான். நீதிமன்றம் அந்தச் சிலரை விதிவிலக்காகப் பார்த்தது. என் வாதம் வேறு: அவர்களுடைய மனத்தடைக்குப் பின்னால் இருக்கும் காரணம் எல்லோருக்கும் பொதுவானது. இரத்தத்தைப் புனிதமாகக் கருதுபவர் எதைக் காப்பதற்காக மறுக்கிறாரோ, கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அது உண்டு. முன்னவரிடம் அதைச் சொல்ல ஒரு வேதம் இருக்கிறது, அவ்வளவே. ஆகவே இரத்தப் பரிசோதனையைச் சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் அதை வற்புறுத்தல் என்று ஒப்புக்கொண்டு, போலீசுக்கு வெளியே நிற்கும் ஒருவர் காரணங்களை எடைபோட்ட பிறகே அனுமதிக்க வேண்டும்.

மத மரபு இங்கே வெறும் அலங்காரமாக வரவில்லை. மிராண்டா தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றே பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடெசை எடுத்தாள்கிறது. யூதச் சட்டத்தில் குற்றவியல் வழக்கில் ஒருவர் தானே முன்வந்து ஒப்புக்கொண்டாலும் அந்த வாக்குமூலத்தை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது. ஏன் என்பதற்குப் பதினாறாம் நூற்றாண்டில் எகிப்திலும் சஃபேத்திலும் வாழ்ந்த ரப்பி டேவிட் இப்ன் ஸிம்ரா கொடுத்த விளக்கம் ஆழமானது. பண வழக்கில் ஒருவரின் ஒப்புதல் செல்லும், ஏனென்றால் பணம் அவருடையது. உயிர் அவருடையதல்ல, கடவுளுடையது. தன்னுடையதல்லாத ஒன்றை ஒப்புதல் சொல்லி இழக்க யாராலும் முடியாது. லேவியராகமத்தின் பதினேழாம் அதிகாரம் உடலின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி, அதை உண்ணக் கூடாதென்று விலக்குகிறது. அதே வேத மரபை அடியொற்றித்தான் யெகோவாவின் சாட்சிகள் 1945 முதல் இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். உடலும் கருவிகளும் உயிருக்கு இறைவன் கொடுத்தவை என்று சொல்லும் சைவ சித்தாந்தத்தில் வளர்ந்த வாசகருக்கு இந்த எண்ணம் அந்நியமாக இராது. இதற்கு நேர் எதிராக, ஒவ்வொரு மனிதனும் தன் உடலின் உடைமையாளன் என்ற நவீனச் சிந்தனை இருக்கிறது. அதை அழுத்தமாக எழுதியவர் பதினேழாம் நூற்றாண்டின் ஜான் லாக். அதே நூலில், மனிதர்கள் கடவுளின் படைப்பு, அவன் சொத்து என்றும் அவர் எழுதியிருக்கிறார். இரண்டும் எப்படிச் சேரும் என்று தத்துவவாதிகள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். நம் கேள்விக்கு வேண்டியது, இரண்டு கணக்கிலும் வரும் ஒரே விடை. உடல் கடவுளுடையது என்றாலும் என்னுடையது என்றாலும், அது அரசுடையது அல்ல. அரசு அதைத் தொடும்போது தன்னுடையதல்லாத ஒன்றைத் தொடுகிறது. ஆகவே நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசின் மேல் விழுகிறது. ‘ஏன் கூடாது’ என்று விளக்க வேண்டிய கடமை அந்த மனிதருக்கு இல்லை.

இதற்கு எதிரான வாதங்களில் மிக வலுவானது, செத்தவர்களின் பெயரால் வருவது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குடிபோதை ஓட்டுநர்களால் நேரும் விபத்துகளில் இறக்கிறார்கள். 1957-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிரைட்ஹாப்ட் வழக்கில், நியூ மெக்சிகோவில் ஒரு பிக்கப் வண்டி காரோடு மோதி மூன்று பேர் இறந்திருந்தார்கள். வண்டிக்குள் ஏறக்குறைய காலியான விஸ்கி பாட்டில் கிடந்தது. ஓட்டியவர் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தபோது, மதுவாடையைக் கவனித்த போலீஸ்காரர் கேட்டுக்கொண்டதால் மருத்துவர் சுமார் 20 மில்லி இரத்தம் எடுத்தார். அதில் ஆல்கஹால் 0.17 சதவீதம். அந்த மூவரின் இரத்தமும் யாரிடமும் அனுமதி கேட்டு ஓடவில்லை. அப்படியிருக்க, ஓட்டியவரின் சில துளிகளுக்காக இத்தனை தயக்கம் ஏன்? இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இறந்தவருக்கு நீதி செய்ய உண்மை தெரிய வேண்டும், உண்மை அந்த நரம்பில் இருக்கிறது, சில மணி நேரத்தில் மறைந்துவிடும். இதனால்தான் உடலை எந்நிலையிலும் தொடவே கூடாது என்ற நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. அரசு வழக்கு நடத்தும் தரப்பாக இருக்கும்போது ஒருவரின் உடல்மேல் எந்த வன்முறையும் செய்ய அதற்கு உரிமையில்லை என்று ஷ்மெர்பர் வழக்கில் மறுப்புரை எழுதிய ஃபோர்ட்டாசின் நெஞ்சுரம் மதிப்புக்குரியது. ஆனால் அந்தக் கோட்டில் நின்றால் கைரேகைகூட எடுக்க முடியாது. இறந்தவரின் பெயரால் வரும் வாதம் ஓர் உண்மையை நிறுவுகிறது: சில வேளைகளில் இரத்தம் எடுப்பது நியாயமாகலாம். அந்த வேளை வந்துவிட்டதா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதற்கு அதில் விடை இல்லை. கைது செய்த போலீஸ்காரரே அதைத் தீர்மானிக்கலாம் என்று அது எங்கும் நிறுவவில்லை.

அடுத்த ஆட்சேபம் அளவைப் பற்றியது. ஒரு சின்ன ஊசி, கொஞ்சம் இரத்தம், ஆபத்தில்லை, வலியும் பெரிதில்லை. இராணுவத்தில் சேர்பவர்களும் திருமண அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களும் கொடுப்பதுதானே என்று பிரைட்ஹாப்ட் தீர்ப்பு எழுதிய கிளார்க் கேட்டார். விருந்தினருக்குச் சோறு போடும் வீட்டில் பின்வாசல் வழியாகப் புகுந்து அதே சோற்றை ஒருவன் எடுத்துத் தின்றால், போனது ஒரு பிடி சோறுதானே என்று வீட்டுக்காரர் ஆறுதல் அடைவதில்லை. கொடுப்பதும் எடுப்பதும் அளவில் ஒன்றாக இருக்கலாம், செயலில் வேறு. இதை அந்த நீதிமன்றமே பிரைட்ஹாப்ட் வழக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் உணர்ந்திருந்தது. 1952-இன் ரோச்சின் வழக்கில், விழுங்கிய மார்ஃபின் குளிகைகளை வெளியே கொண்டுவர ஒருவரின் வயிற்றுக்குள் குழாய் வழியாக வாந்தி மருந்தைச் செலுத்திய செயல் மனச்சாட்சியை உலுக்குகிறது என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதி, தண்டனையை ரத்து செய்தார். வயிற்றுக் குழாய் அருவருப்பூட்டுகிறது, ஊசி அருவருப்பூட்டவில்லை என்ற நீதிபதியின் சொந்த உணர்வைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று பிரைட்ஹாப்ட் வழக்கின் மறுப்புரையில் வாரன் கேட்டது இன்றும் பதில் கிடைக்காத கேள்வி. அளவு முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1985-இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த வின்ஸ்டன் வழக்கில், கொள்ளை முயற்சியில் சந்தேகிக்கப்பட்டவரின் மார்பிலிருந்து தோட்டாவை மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுக்க அரசு கேட்டபோது நீதிமன்றம் மறுத்தது. அங்கே பிரென்னன் எழுதியது சரியான தீர்ப்பு. எவ்வளவு ஆழமாக உடலுக்குள் புகுகிறோமோ அவ்வளவு வலுவான காரணம் வேண்டும். ஆனால் சின்னதற்குக் காரணமே வேண்டாம் என்று அதிலிருந்து பெற முடியாது.

இந்த இடத்தில்தான் மூச்சும் இரத்தமும் பிரிகின்றன. 2016-இன் பிர்ச்ஃபீல்ட் தீர்ப்பில் நீதிபதி அலிட்டோ செய்த பிரிவினை இந்த அறுபது ஆண்டுச் சட்ட வரலாற்றில் மிகத் தெளிவான அடி என்று நினைக்கிறேன். கைதானவரை வாரண்ட் இல்லாமலேயே கருவியில் ஊதச் சொல்லலாம். இரத்தத்துக்கு அப்படிக் கூடாது. இரத்தம் கொடுக்க மறுத்ததையே குற்றமாக்கித் தண்டிக்கவும் கூடாது. மூச்சு எப்படியும் வெளியேறுவது, எதையும் துளைக்காமல் கிடைப்பது, ஆல்கஹால் அளவைத் தவிர வேறெதையும் காட்டாதது. இரத்தமோ தோலைத் துளைத்தே வெளியே வருகிறது, வந்த பிறகு குப்பியில் தங்குகிறது. அதில் நோய் இருக்கிறது, கர்ப்பம் இருக்கிறது, பரம்பரை இருக்கிறது. மூச்சுக்கே வாரண்ட் வேண்டும் என்று சோட்டோமயோரும் கின்ஸ்பர்கும் சொன்னார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஷ்மெர்பரில் பெயரில்லாமல் வந்த அந்தச் சிலர் கேட்டது மூச்சுப் பரிசோதனையைத்தான். ஐம்பது ஆண்டு கழித்து அதுவே எல்லோருக்குமான சாதாரண வழியாகிவிட்டது. மத மனத்தடை உள்ளவரின் விருப்பத்தைப் பொது விதியாக்கியதால் சட்டம் முடங்கிப்போகவில்லை.

நேரமில்லை என்ற வாதம் 1966-இல் இருந்த வலுவோடு இன்று இல்லை. உடல் மணிக்கு ஏறக்குறைய 0.015 முதல் 0.02 சதவீதம் வரை ஆல்கஹாலைக் கழிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பதால், இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வல்லுநர்களால் முடியும். நீதிபதியைத் தொலைபேசியில் அழைத்து வாரண்ட் பெறும் முறை 1977 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் இருக்கிறது. 2013-இன் மெக்னீலி வழக்கில், அதிகாலை இரண்டு மணிக்கு மிசூரியில் நிறுத்தப்பட்டவரிடமிருந்து அரை மணி நேரத்துக்குள் வாரண்ட் இல்லாமல் இரத்தம் எடுத்திருந்தார்கள். ஆல்கஹால் கரைகிறது என்ற ஒரே காரணம் எப்போதும் அவசரநிலை ஆகிவிடாது, ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பார்க்க வேண்டும் என்று சோட்டோமயோர் எழுதினார். விபத்து நடந்த இடத்தில் அடிபட்டவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் போலீஸ்காரருக்குத் தொலைபேசியை எடுக்க நேரமில்லாமல் போகலாம். அப்போது விதிவிலக்கு இருக்கட்டும். ஆள் கைக்குள் இருக்கிறார், வண்டியும் நிற்கிறது, போலீஸ்காரருக்கு வேறு வேலையில்லை என்றால், அவசரம் என்பது வசதியின் இன்னொரு பெயர்.

அரசு அதிகம் சாய்ந்து நிற்கும் தூண், ஒப்புதல். பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவது அரசு தரும் சலுகை. ஓட்டுநர் உரிமம் வாங்கியபோதே, கைதானால் பரிசோதனைக்கு உட்படுவேன் என்று ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும், என்கிறது சட்டம். நியூயார்க் 1953-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. மறுப்பவரின் உரிமத்தைப் பறிப்பதோடு இது நிற்கும்வரை எனக்கு மறுப்பில்லை. கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்க அரசுக்கு உரிமை உண்டு. உடலைத் திறக்கவும் இதையே சாவியாக்குவதைத்தான் ஏற்க முடியாது. மறுக்க வழியில்லாத, திரும்பப் பெற முடியாத, எப்போது கொடுத்தோம் என்றே தெரியாத ஒன்றை ஒப்புதல் என்று கூறுவது உண்மையல்ல. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019-இன் மிட்செல் வழக்கு காட்டியது. விஸ்கான்சினில் நினைவிழந்த ஒருவரிடமிருந்து இரத்தம் எடுக்கப்பட்டது. மறுக்க இயலாத நிலையில் இருப்பவர் ஒப்புதலைத் திரும்பப் பெறவில்லை என்றே கொள்ளப்படும் என்பது அந்த மாநிலத்தின் அன்றைய சட்டம். வாரண்ட் வாங்க நேரமில்லாத அவசரம் இருந்ததாக அந்த மாநிலம் வாதாடவே இல்லை. அப்படியிருந்தும் அலிட்டோவும் அவரோடு சேர்ந்த மூவரும், ஓட்டுநர் நினைவிழந்திருந்தால் பெரும்பாலும் வாரண்ட் தேவைப்படாது என்று எழுதினார்கள். தாமஸ் தனிக் காரணத்தோடு முடிவில் சேர்ந்தார். இதை நான் தவறான தீர்ப்பு என்றே கருதுகிறேன். தன் உடலுக்காகப் பேச முடியாத நிலையில் ஒருவர் கிடக்கும்போதுதான் அவருக்காக இன்னொருவர் கேட்க வேண்டிய தேவை மிகுதி. இறந்தவரின் உடலைக்கூட மரியாதையோடு தொடச் சொல்லும் மதங்கள் பல. நினைவிழந்தவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அந்த எல்லா மரபுகளுக்கும் எதிரானது.

நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போடும் மாஜிஸ்திரேட் என்ன பெரிதாகக் காத்துவிடப் போகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. டெக்சாஸில் பண்டிகை வார இறுதிகளில் இதற்கென்றே நீதிபதிகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். கேட்ட வாரண்டுகள் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. அது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு போலீஸ்காரர் தன் சந்தேகத்துக்குக் காரணங்களைச் சத்தியம் செய்து, வழக்கில் பங்கில்லாத ஒருவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமே அவருடைய நடத்தையை மாற்றுகிறது. அந்தக் காரணங்கள் பதிவாகின்றன. பின்னால் பொய்யென்று தெரிந்தால் பிடித்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. ஊசியைப் பிடிப்பவர் யார் என்பதும் இதே காரணத்தால் முக்கியம். அரிசோனா போன்ற சில இடங்களில் போலீசாருக்கே இரத்தம் எடுக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். குற்றம் சாட்டும் கையும் ஊசி பிடிக்கும் கையும் ஒன்றாகிவிட்டால் மறுக்கக்கூடியவர் யாரும் அந்த அறையில் இல்லை. 2017-இல் சால்ட் லேக் சிட்டியில் நினைவிழந்த ஒரு நோயாளியிடமிருந்து, வாரண்டும் கைதும் ஒப்புதலும் இல்லாமல் இரத்தம் எடுக்க விடமாட்டேன் என்று ஒரு செவிலியர் நின்றார். துப்பறியும் அதிகாரி அவருக்கு விலங்கு மாட்டினார். அந்த நோயாளி சந்தேகத்துக்குரியவர்கூட அல்ல, விபத்தில் அடிபட்டவர். அதிகாரி பிறகு வேலையிழந்தார். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 204-ஆம் பிரிவு, மருத்துவமனையில் இருப்பவரிடம் இரத்தம் கேட்கும் முன் அவரைக் கவனிக்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும், சிகிச்சைக்குக் கேடு என்று அவர் ஆட்சேபித்தால் கேட்கக் கூடாது என்கிறது. சிறிய பாதுகாப்புதான், ஆனால் சரியான திசையில் உள்ளது. அதே சமயம், கைதானவரை மருத்துவர் பரிசோதிக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. அதற்கு முன் ஒரு நீதிபதி கேட்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாதது குறையே.

இனி இந்தக் கேள்வி பெரிதாகத்தான் போகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. ஆல்கஹாலுக்காகச் செய்த மூச்சுக் கருவி அதைக் காட்டாது. மருந்து மயக்கத்தில் ஓட்டுபவரைப் பிடிக்கப் போலீஸ் இரத்தத்தையே நாடும். அப்போது மூச்சு என்ற எளிய வழி கையில் இருக்காது. எனவே வாரண்ட் வெறும் அனுமதிச் சீட்டாக இருந்தால் போதாது. அந்தக் குப்பியில் எதைத் தேடலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆல்கஹாலோ குறிப்பிட்ட போதைப் பொருளோ இருக்கிறதா என்று பார்க்க எடுத்த இரத்தத்தில் அவருடைய நோயையும் வம்சத்தையும் படிக்க ஆய்வகத்துக்கு உரிமையில்லை. வழக்கும் மேல்முறையீடும் முடிந்ததும் அது அழிக்கப்பட வேண்டும். இந்த நிபந்தனைகளால் ஒரு குற்றவாளிகூடத் தப்பமாட்டார். சாலையில் இறந்தவர்களுக்காக அரசு கேட்கும் எண் அதற்குக் கிடைத்துவிடும். அதற்கு மேல் அந்த இரத்தத்தில் இருப்பதைக் கேட்க அரசுக்கு எந்தக் காரணமும் இல்லை.